அறுபதை ஒட்டிச் சரித்திர நாவல் எழுத வந்தவர்கள்: மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

உவர்மலைவாசி

நில அளவைப் பகுதியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எழுத உட்கார்ந்தேன். 1622 பற்றிய நாவல். கதை என்னவென்று நம் திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை: போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய கதை. கோயில் எங்கே, கொத்தளம் எங்கே என்பதெல்லாம் எனக்குச் சுலபம். ஆட்களைப் பேச வைப்பதுதான் உயிரை எடுக்கிறது.

ஒரு நாள் காலை கோட்டை வாசலில் நின்று, நிலைக்கல்லில் உள்ள இரட்டைக் கயலையும் அதனோடு இருக்கும் சிதைந்த எழுத்துகளையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் ஒருவர் என்னை நோக்கி வந்தார். பழைய பயம் வயிற்றைப் பிசைந்தது. குறிப்பேட்டை மூடிவிட்டேன். அவரோ கல்லைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார். தினமும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறாராம். எனக்குத் தெரிந்த கந்தோர்ச் சிங்களத்தில் சொன்னேன்: பழைய அரசன் குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று ஒரு பாட்டு, பறங்கி அப்படியே செய்தான், பாட்டு இருந்த கல்லையே தன் கோட்டை வாசலுக்கும் வைத்துக் கட்டினான்.

சிப்பாய் கல்லை அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவு பாரம். இதைத் தூக்கி வைத்தவர்கள் யார், பறங்கியரா, இந்த ஊர் ஆட்களா?" என்றார்.

என் நாவலில் ஓர் அத்தியாயத்தில் கோயில் விழுகிறது, அடுத்த அத்தியாயத்தில் கோட்டை நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு எழுத்து ஓர் அடி நகரவில்லை. கல் சுமந்தவனை உள்ளே கொண்டுவந்தால் அவன் கோணேசரைக் கும்பிடுகிறவனாக இருப்பான். கொண்டுவராவிட்டால் கல் பறந்து வந்ததாக ஆகும்.

கொட்டியாரத்துப் பெண்

உவர்மலை ஐயா, கொண்டுவாருங்கள். கும்பிடுகிறவன் கையாலேயே கல் ஏறட்டும். அதை விட்டால் உங்களுக்கு நாவல் ஏது?

என் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற்காரர் பிடிபட்டதை வைத்து எழுதினேன். 1660இல் புயலில் பாய்மரம் ஒடிந்த கப்பலுக்கு வேறு மரம் தேடி மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர்கள் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டதும், தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறந்ததும், மகன் ரொபர்ட் 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊருக்குத் தப்பிப் போனதும் அவரே எழுதி வைத்தவை. மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஊரார் காட்டும் இடத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே மோரும் தயிரும் விற்க வந்த ஒருத்தி அந்த வெள்ளைக்காரரை எப்படிப் பார்த்திருப்பாள் என்பதுதான் என் நாவல்.

வெளியீட்டு விழாவில் பிரதம விருந்தினர் நீண்ட நேரம் பேசினார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அடுப்படியிலும் நின்றுகொண்டு இந்த வயதில் அம்மா எழுதியிருக்கிறார் என்றார். மறுபடியும் அடுப்படி என்றார். மண்டபம் கைதட்டியது. நொக்ஸ் என்ற பெயர் அவர் வாயில் வரவேயில்லை. எல்லோரும் போன பிறகு கதிரைகளை அடுக்கும்போது, அவருக்குக் கொடுத்த பிரதி அவருடைய கதிரையிலேயே கிடந்தது. வெட்டும்போது சில பக்கங்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன, பிரிக்கவே இல்லை. அவற்றை நானே கத்தியால் பிரித்து, அந்தப் பிரதியை என் அலுமாரியில் வைத்திருக்கிறேன். ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மட்டிக்களி கணக்கர்

இருவருக்கும் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கவில்லையே என்று நினைக்க வேண்டாம்.

முதலாவது, உவர்மலை ஐயா. நாவலில் அந்தக் கோட்டையைத் தப்பித் தவறியும் பிரடெரிக் கோட்டை என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயர் 1803இல் ஆங்கிலேயர் வைத்தது. அதற்கு முன்பிருந்த ஒல்லாந்தத் (டச்சு) தளபதி அந்தப் பெயரைச் சொல்வதாக எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்தது சாப்பாடு. மிளகாயை இந்தக் கரைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். குளக்கோட்டன் காலத்துக்கு நினைவோட்டமாகப் போனீர்களென்றால் அவனுடைய குழம்பில் மிளகுதான் காரம். தேங்காய் போடலாம், தக்காளி கூடாது. தேநீர் வேண்டவே வேண்டாம். இலங்கையில் அது தோட்டப் பயிரானது 1867க்குப் பிறகு.

ஆசிரியை அம்மா, நீங்கள் காற்றைக் கவனித்தீர்களா? ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடை, வடகிழக்குக் காற்று. அந்த மாதங்களில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்களுக்கு ஒதுங்க நல்ல இடம் கிடையாது. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் துறைமுகத்துக்காக ஏன் அடிபட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1782ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி வெளிக்கடலில் பெருஞ்சண்டை. அது கச்சான் காலம், தென்மேற்குக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கதாநாயகன் பாயை விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தபடி கரைக்கு வர முடியாது, தண்டு வலித்தே ஆக வேண்டும். நம் மீனவர் ஊரான திருக்கடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூரியனைக் கடலில் மறைய விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நமது கடல் கிழக்கே இருக்கிறது!

பிரதிகளையும் அளவாக அச்சிடுங்கள். மிஞ்சியதைக் கரையான்தான் வாசிக்கும்.

என் அனுபவமா? நானும் 1782தான் எழுதுகிறேன். கனடாவிலிருந்து மகன் அழைத்து, "அப்பா, இதற்கு யார் பணம் தருவார்கள்?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

சாம்பல்தீவான்

கணக்கர் ஐயா, மாலையில் ஒரு தடவை உவர்மலையில் ஏறி உட்துறைமுகப் பக்கம் பாருங்கள். சூரியன் தண்ணீருக்கு மேலேதான் இறங்குகிறது. கிழக்கு மேற்கை வைத்து மட்டும் இந்த ஊரைக் கணக்குப் பார்க்க முடியாது. கடல் எந்தப் பக்கத்தால் உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மிளகாய் விடயத்தில் உங்களோடு சண்டையில்லை.

எனக்கு நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். எழுத்தாளர் என்று கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நாவல்களும் நரைத்த தாடியும்தான் தகுதி. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதிய த. சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலைக்காரர் என்று பெருமையாகச் சொன்னேன். நம் வயதை எட்டாமலே இறந்துபோன மனிதர், நாம் அறுபதில் தொடங்குவதை அவர் இளமையிலேயே செய்து முடித்துவிட்டார் என்றும் சொன்னேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், அது எந்த ஊர்க் கதை?"

நாயக்கர் கதை, தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் என்றேன்.

"அவர் கோணேசர் மலையைப் பார்த்ததில்லையா?"

சென்னையில் மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர், அங்குள்ள வாசகரை மனத்தில் வைத்திருப்பார் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்தேன். அவள் தலையாட்டினாள், ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. என் இரண்டு நாவல்களும் சோழர் கதைகள். நல்லவேளை, அதை அவள் கேட்கவில்லை.

உவர்மலைவாசி

கணக்கர் ஐயாவுக்கு: என் நாவல் 1624இல் முடிகிறது. அதில் ஒல்லாந்தரும் இல்லை, பிரடெரிக்கும் இல்லை, தேநீரும் இல்லை. ஆனால் தண்டு வலிப்பதை எடுத்துக்கொள்கிறேன், கல்லைத் தோணியில் கொண்டுவருகிற ஒருவனுக்கு அது பயன்படும். நேற்று இரவு அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். கூலி எப்போது தருவார்கள் என்று கேட்கிறான்.

சாம்பல்தீவான் தம்பி, அடுத்தது எந்த ஊர்க் கதை?

ஆசிரியை அம்மா, உங்கள் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

கொட்டியாரத்துப் பெண்

கடையில் இல்லை ஐயா. என் கட்டிலுக்குக் கீழே கட்டுக்கட்டாக இருக்கிறது. மூதூர் பஸ்ஸில் யாராவது வருகிறார்கள் என்றால் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன். கணக்கருக்கும் ஒன்று அனுப்புகிறேன். காற்றைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஏழாம் அத்தியாயத்தில் பார்க்கட்டும்.