புதுப்பிப்பு: உவர்மலை அக்காவின் மடிக்கணினிக்கு வைஃபை வந்துவிட்டது

திருகோணமலை உவர்மலையில் ரியூசன் நடத்தும் அக்கா ஒருவரின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவியதும் வைஃபை அடியோடு காணாமற்போனதை முன்பு எழுதியிருந்தேன். இப்போது வேலை செய்கிறது.

உள்ளே இருப்பது பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லு. அதன் டிரைவரை, அதாவது சில்லை இயக்கும் மென்பொருளை, இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்! கைபேசியை யூஎஸ்பி வடத்தில் இணைத்து டேட்டாவைப் பகிரச் சொன்ன நண்பருக்கு நன்றி. டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தெடுத்தோம், நிறுவியும் ஆயிற்று. வைஃபை மட்டும் அசையவில்லை.

தடுத்தது செக்யூர் பூட், கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. தனக்குத் தெரிந்த டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவரை அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் விடாது. அதனால்தான் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்கிறது. கணினியை மீண்டும் தொடக்கும்போது நீலத்திரை ஒன்று பத்து விநாடி நிற்கும். அதற்குள் ஏதாவதொரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்' (கையொப்பச் சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அழுத்தாமல் விட்டால் கணினி டிரைவரை ஏற்காமலே பேசாமல் தொடங்கிவிடும்.

"நீலத்திரை வந்தது தம்பி, பழுதாகிவிட்டதென்று பயந்து கையே வைக்கவில்லை" என்றார் அக்கா. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் திரையின் தோற்றம் அப்படி. டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினோம், இம்முறை விசையை அழுத்தினார், சரியாகிவிட்டது.

"முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவு" என்றவர்களுக்கு: நிறுவியிருந்தாலும் இதே நீலத்திரையில்தான் வந்து நின்றிருப்போம்.

அடுத்தது பிரிண்டர். மாதிரி வினாத்தாள்கள் அச்சிட வேண்டுமாம். அதன் மாடல் எண்ணைப் பார்த்து எழுதுகிறேன்.