மறு: 'சஸ்டெயினபிள் புரொக்யூர்மென்ட்' - உள்ளாட்சி ஆவணங்களுக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அரசு அமைப்புகள் பொருளோ பணியோ வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் சுற்றுச்சூழல், வேலை செய்பவர் நலன், பின்னால் வரும் செலவு எல்லாவற்றையும் பார்ப்பதுதான் 'சஸ்டெயினபிள் புரொக்யூர்மென்ட்'. அதற்குக் குழுவில் வந்த யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> 'நிலையான கொள்முதல்' என்றே முடித்துவிடலாம். நிலையான வளர்ச்சி இலக்குகள் என்று ஏற்கெனவே எழுதுகிறோமே.

எழுதுகிறோம்தான். ஐ.நா.வின் 12.7ஆம் இலக்கே அரசுகள் இப்படி வாங்க வேண்டும் என்பதைப் பற்றியதுதான், அதனால் அந்தச் சொல்லைத் தொடரலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 'நிலையான வருமானம்', 'நிலையான கட்டணம்' என்று புழங்கும் ஊரில் 'நிலையான' என்றால் மாறாதது என்றுதான் பொருள். நகராட்சி எழுத்தர் ஒருவர் 'நிலையான கொள்முதல்' என்று படித்தால், மாதாமாதம் ஒரே கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

> 'பசுமைக் கொள்முதல்' எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் பாதிதான் புரியும். தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும்போது குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, கையுறை, காலணி எல்லாம் உறுதியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கருத்துக்குள் அடங்கும். மின்சாரக் குப்பை வண்டி வாங்கிவிட்டு, ஓட்டுபவருக்குக் கூலியைப் பிடித்து வைக்கும் ஒப்பந்ததாரரையும் 'பசுமை' என்ற சொல் உள்ளே விட்டுவிடும். சுற்றுச்சூழலை மட்டும் பேசும் இடங்களுக்கு அது இருக்கட்டும்.

> பேண்தகு என்பது மக்கள் வாயில் நுழையாது.

பேணிக் காக்கத் தகுந்த என்ற பொருளில் 'சஸ்டெயினபிள்' என்பதற்கு முன்மொழிந்த சொல் அது. வாயில் நுழைய வேண்டியதில்லை. 'ஒப்பந்தப்புள்ளி' யார் வாயில் நுழைகிறது? டீக்கடையில் எல்லோரும் டெண்டர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் நாளிதழ் விளம்பரத்தில் தினமும் ஒப்பந்தப்புள்ளி வருகிறது, எவரும் தடுமாறுவதில்லை. 'வளங்குன்றா' என்பதும் நல்ல சொல்தான். ஆனால் அது வளத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீரையும் பேணலாம், ஆளையும் பேணலாம் என்பதால் என் வாக்கு 'பேண்தகு'வுக்கே.

அடுத்து, யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய 'பெறுகை'. இலங்கையில் அது அரசுச் சொல். தேசிய பெறுகை ஆணைக்குழு என்று அரசியலமைப்புத் திருத்தம் வரைக்கும் போன சொல். பொருள், பணி, சேவை மூன்றையும் அது தாங்கும். நம் 'கொள்முதல்' பொருளோடு ஒட்டிக்கொண்டது. நெல் கொள்முதல், பால் கொள்முதல் என்போம், சாலை போடுவதைக் கொள்முதல் என்று யாரும் சொல்வதில்லை. தர்க்கப்படி பார்த்தால் பெறுகைதான் சரி. ஆனால் தமிழ்நாட்டு ஊராட்சிச் செயலர் அதைப் பார்த்தால் 'எதைப் பெறுவது, மனுவையா?' என்று கேட்பார். எனவே அங்கே பேண்தகு பெறுகை, இங்கே பேண்தகு கொள்முதல். இரண்டுக்கும் அடைமொழி ஒன்றாக இருந்தால் போதும். ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

என் கவலை வேறு. தலைப்புச் சொல்லுக்கே நாம் இத்தனை மடல் எழுதிவிட்டோம், உள்ளே உண்மையில் வேலை செய்யும் சொற்களைத் தொடவே இல்லை. அலுவலகத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது 'எல் ஒன்', அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவர். ஆனால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, வெறும் விலையை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து பார்க்கக்கூடிய காரணிகளை வைத்துக் கணக்கிட்டு, அதில் குறைந்ததை ஏற்கச் சொல்கிறது. அந்தக் காரணிகளை எழுதத்தான் நம்மிடம் சொல் இல்லை.

ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒன்று 35,000 ரூபாய், மணிக்கு 5 யூனிட் இழுக்கிறது. இன்னொன்று 50,000 ரூபாய், அதே தண்ணீரை ஏற்ற 4 யூனிட் போதும். தினம் 6 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 2,190 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்றால் 17,520 ரூபாய். விலை வித்தியாசம் முதல் ஆண்டிலேயே திரும்பிவிடுகிறது. இருந்தும் 35,000 ரூபாய் மோட்டார்தான் வருகிறது. காரணம் எளிது: மோட்டார் வாங்குவது ஊராட்சியின் பொது நிதியிலோ திட்ட நிதியிலோ, கரண்ட் பில் கட்டுவது அதற்கென்று தனியாக வைத்திருக்கும் இரண்டாம் கணக்கில். ஒரு கணக்கில் மிச்சம் பிடித்ததை இன்னொரு கணக்கு அழுதுகொண்டே கட்டுகிறது. இரண்டையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் தொகைக்கு ஒரு பெயர் வேண்டும்.

'வாழ்நாள் செலவு' என்று ஒருவர் முன்மொழிந்தார். எனக்கு அது ஆயுள் காப்பீட்டு முகவர் பேசுவதுபோல் கேட்கிறது. பேட்டரிக்கும் டயருக்கும் ஆயுள் என்றுதானே சொல்கிறோம்? 'ஆயுட்செலவு' என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பழுது பார்ப்பது, கடைசியில் கழிவாக அப்புறப்படுத்துவது என எல்லாம் அதற்குள் வரும். "ஒப்பந்தப்புள்ளிகள் 10 ஆண்டு ஆயுட்செலவின் அடிப்படையில் ஒப்பிடப்படும்" என்று எழுதிப் பாருங்கள். தணிக்கையாளருக்கும் விளங்கும்.

விலையல்லாத காரணிகளுக்கு வருவோம். இதில் ஹெல்சிங்கி நகர வழக்கை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1997இல் அந்நகரம் பேருந்துத் தடத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, நைட்ரஜன் ஆக்சைடு புகை குறைவாக உள்ள பேருந்துக்கும், சத்தம் 77 டெசிபெலுக்குக் கீழே உள்ள பேருந்துக்கும் கூடுதல் மதிப்பெண் தந்தது. வென்றது நகரத்தின் சொந்தப் பேருந்துப் பிரிவு. தோற்ற கன்கார்டியா நிறுவனம் வழக்குப் போட்டது, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2002இல் தீர்ப்பானது. இப்படி மதிப்பெண் தரலாம், ஆனால் அது ஒப்பந்தப் பொருளோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், முன்கூட்டியே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும், அதிகாரி இஷ்டத்துக்கு விடக் கூடாது, பாகுபாடு கூடாது என்றது நீதிமன்றம். நம் 1998 சட்டத்தின் வாசகமும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது என்பது எனக்கு வியப்பு.

இங்கேதான் இரண்டு சொல் குழம்புகிறது. 'தகுதி' என்பது வாசலில் பார்ப்பது: பதிவு உண்டா, முன் அனுபவம் உண்டா. உள்ளே வந்தவர்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது வேறு. அதற்கு 'தெரிவுப் புள்ளி' என்று முதலில் எழுதினார்கள். ஒப்பந்தப்புள்ளி, விலைப்புள்ளி எல்லாம் இருக்கும் தாளில் இன்னொரு புள்ளி வேண்டாம். 'தெரிவு மதிப்பெண்' போதும்.

ஆக, தலைப்புக்குப் பேண்தகு கொள்முதல் அல்லது பெறுகை, உள்ளே ஆயுட்செலவு, தகுதி, தெரிவு மதிப்பெண். மறுப்பு இருந்தால் ஒரு மாதிரி வாக்கியத்தோடு எழுதுங்கள். சொல்லை மட்டும் தனியாக வைத்து ஆராய்ந்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

மிச்சமிருப்பது தூய்மைப் பணி ஒப்பந்தத்தில் கூலி, பாதுகாப்புக் கருவி பற்றிச் சேர்க்கும் கூறு. 'நலன் நிபந்தனை' என்று கிறுக்கி வைத்திருக்கிறேன், திருப்தியில்லை. தொழிற்சங்கத்தில் இருப்பவர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், அங்கே என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.