ஜப்பான் வானில் 13 அம்ப் பிளக் பேஸ்: எங்கள் அனுபவம்

வெள்ளவத்தை:

ஜப்பானில் ஓடி இறக்குமதியான கேம்பர் வானுக்கு மேலதிக பிளக் பேஸ் போட நினைப்பவர்கள், துளை போடும் இடத்தைத் தேடுமுன் ஏற்கெனவே உள்ள பேஸின் முகத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 15 அம்ப், 125 வோல்ட் என்று இருக்கும். அந்த வயரிங் 100 வோல்ட்டுக்கு என்று செய்தது. இலங்கையில் நமக்கு வருவது 230. பக்கத்தில் இன்னொரு பெட்டி அடித்து நம் ஊர் சதுரக் கால் முகத்தை மாட்டிவிட்டால், முகம் மட்டும்தான் நம் ஊர்.

மைத்துனர் வாங்கிய ஹையேஸ் வான் இப்படித்தான் வந்தது. கட்டில், சின்ன சிங்க், பிரிட்ஜ் எல்லாம் இருந்தன. தட்டைக் கால் பேஸ் இரண்டே இரண்டு. குடும்பத்தோடு நுவரெலியா, திருகோணமலை என்று போனால் எல்லோருடைய போனும் சார்ஜ் ஆக வேண்டும், மாமியின் நெபியுலைசர் ஓட வேண்டும். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்த பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம். "அரை நாள் வேலை" என்றார்.

பேனலைக் கழற்றியதும் சாம்பல் நிறத் தட்டை வயர் ஒன்று வந்தது. உள்ளே கறுப்பும் வெள்ளையும், இரண்டே கம்பி. பாஸ் பழக்கத்தில் கறுப்பைக் காட்டி "இது நியூட்ரல்" என்றார். நம் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் என்பதால் யாருக்கும் கை அப்படித்தான் போகும். ஜப்பானில் கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்ரல். மைத்துனர் இதை முன்பே படித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம், எர்த் வயரே இல்லை. 13 அம்ப் பேஸின் மேல் துளைக்குக் கொடுக்க எதுவும் கிடையாது.

சிலர் "வயர் 600 வோல்ட் தாங்கும், அதையே வைத்துக்கொள்ளலாம்" என்றார்கள். இன்சுலேஷன் தாங்கும், உண்மை. ஆனால் எர்த்துக்கு எங்கே போவது? அது ஒற்றைத் தடிக் கம்பியும்கூட. வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்கச் சரி. ஹப்புத்தளை வளைவுகளில் நாள் முழுக்க ஆடும் வண்டிக்கு இழை வயர்தான் சரி. வீட்டு வயரிங்கில் எல்லோரும் கேட்டு வாங்கும் 7/0.67 (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது) கூட எனக்கு விறைப்பாகப் பட்டது. 2.5 சதுர மில்லிமீற்றரில் மெல்லிழை வயராக எடுத்தோம்.

கடைசியில் 100 வோல்ட் பகுதி முழுவதையும் கழற்றினோம். பற்றரி சார்ஜரும் 100 வோல்ட் என்பதால் அதுவும் போனது. வெளிப்பக்கம், வெளிக் கரண்ட் வயரைக் குத்த நீல நிற 16 அம்ப் மூன்று கால் இன்லெட், அதையடுத்து கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் வெட்டும் 30 மில்லி அம்ப் ட்ரிப் சுவிட்ச், பிறகு இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் பிரேக்கர், அதற்குப் பிறகே பிளக் பேஸ்கள். வானின் உடம்பையும் எர்த்தோடு இணைத்தோம். ரப்பர் டயரில் நிற்கும் இரும்புக்கூடு அது. உள்ளே லைவ் எங்காவது தொட்டால், வெளியே கதவைப் பிடிப்பவருக்குத்தான் அடிக்கும்.

யாரும் சொல்லாத தொல்லை ஒன்று, பெட்டியின் ஆழம். 35 மில்லிமீற்றர் பெட்டியை வீட்டுச் சுவரில் கொத்திப் புதைக்கலாம். வானின் சுவர் மெல்லிய பிளைவுட், அதன் பின்னால் கொஞ்சம் இடைவெளி, பிறகு தகடு. பாஸ் நீள ஸ்க்ரூவை எடுத்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது தகட்டைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்திருக்கும். ஆகவே சுவரை விட்டுவிட்டு, இருக்கைப் பெட்டியின் பக்கவாட்டில் பேஸ்களை வைத்தோம். உள்ளே இடம் தாராளம், சிங்க்கிலிருந்தும் தூரம். தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் வளையம் போட்டோம்.

ஆக, அரை நாள் வேலை கிட்டத்தட்ட ஒரு வாரம் இழுத்தது. பழைய தட்டைக் கால் பேஸ்களைக் கழற்றி எறிந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவற்றை விட்டுவைத்தால் யாராவது ஒரு நாள் ஜப்பான் ரைஸ் குக்கரைக் கொண்டுவந்து குத்துவார்கள். 230-இல் குத்தினால் அதன் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது, ஐந்து மடங்கைத் தாண்டும்.

தெஹிவளை:

நாங்கள் வேறு வழியில் போனோம் அண்ணா. யோசித்துப் பார்த்தால் எங்களுக்குத் தேவை போன், விசிறி, பிரிட்ஜ், அவ்வளவுதான். எல்லாமே 12 வோல்ட்டில் கிடைக்கின்றன. பஞ்சிகாவத்தையில் யூஎஸ்பி பொயின்ட்டும் லைட்டர் சொக்கெட்டும் வாங்கி நாலு இடத்தில் போட்டோம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று வயரின் தடிப்பு. பிரிட்ஜ் 5 அம்ப் இழுக்கிறது, பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரம் என்றால், 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். பற்றரி கொஞ்சம் இறங்கியதும் பிரிட்ஜ் தானாக நின்றுவிடும், நாம் பிரிட்ஜைத் திட்டுவோம். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்ட பிறகு அந்தக் கரைச்சல் இல்லை.

மற்றது பியூஸ். அது பற்றரிப் பக்கம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வானை ஒரு கராஜில் செய்தபோது சொக்கெட்டுக்குப் பின்னால் பியூஸ் வைத்துவிட்டார்கள். சீட் தண்டவாளம் வயரை உரசி உரசித் தோலை உரித்திருக்கிறது. ஹபரணை தாண்டியதும் ரப்பர் கருகும் வாசம். பியூஸ் போகவேயில்லை. எப்படிப் போகும், ஷோர்ட் ஆனது பற்றரிக்கும் பியூஸுக்கும் நடுவில் அல்லவா! பற்றரி முனையைக் கழற்றித்தான் நிறுத்தினார்கள்.

கொட்டாஞ்சேனை:

அண்ணா, நல்ல விளக்கம். எங்களிடம் பற்றரிக் கரண்ட்டை 230 வோல்ட்டாக்கும் 1000 வாட் இன்வேர்ட்டர் இருக்கிறது. அதை அந்த 13 அம்ப் பேஸ்களுக்கே கொடுத்துவிட்டால், வெளிக் கரண்ட் இல்லாத இடத்திலும் கேத்தல் போடலாம்தானே? அம்மாவுக்குக் காலையில் பிளேன்டீ இல்லாமல் முடியாது.

வெள்ளவத்தை:

தங்கச்சி, நேராகக் கொடுக்கவே வேண்டாம். வெளிக் கரண்ட்டும் இன்வேர்ட்டரும் ஒரே வயரில் சந்தித்தால் இன்வேர்ட்டர் அந்த நிமிடமே போய்விடும். வெளி வயர் குத்தாத நேரத்தில் இன்வேர்ட்டரைப் போட்டால், வெளி இன்லெட்டின் கால்களில் 230 வோல்ட் வந்து நிற்கும். பிள்ளைகள் விளையாடும் உயரம் அது. லைவ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று நடுவில் வேண்டும், முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். அதோடு, சில இன்வேர்ட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அப்போது ட்ரிப் சுவிட்ச் நம்மைக் காப்பாற்றாது. வாங்கும்போதே கேளுங்கள். நெபியுலைசர் மாதிரி மோட்டார் உள்ளவற்றுக்கு, வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் வகைதான் நல்லது.

கேத்தல் கதை வேறு. வீட்டுக் கேத்தல் 2000 வாட், உங்கள் இன்வேர்ட்டர் 1000. பெரிய இன்வேர்ட்டர் வாங்கினாலும் 12 வோல்ட் பற்றரியிலிருந்து 167 அம்ப் இழுக்க வேண்டும், இன்வேர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் அதற்கு மேல். கார் பற்றரியை அப்படி வாட்டினால் அம்மாவின் பிளேன்டீ கொதிக்குமுன் இன்வேர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிடும். சின்ன காஸ் அடுப்பு ஒன்று வையுங்கள். கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.