அம்மாவுக்கும் மாமாவுக்கும் சமூக நல உதவி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு ஜெலுத்தோங்கில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. அவர் தம்பி, என் மாமா, பக்கவாதம் வந்ததிலிருந்து வேலைக்குப் போக முடியவில்லை. 59 வயது, திருமணம் ஆகவில்லை. இருவரும் என்னோடுதான் இருக்கிறார்கள். சம்பளம் வருவது எனக்கு மட்டும்.

சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 பட்ஜெட்டில் மாதம் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆக உயர்ந்தது. வேலை செய்ய முடியாத ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்காரர்களுக்கு 2025-இல் மாதம் 300 வெள்ளியாக இருந்தது. வயது மட்டும் போதாது, குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். எனக்குக் குழப்பமே அங்கேதான். பிள்ளை சம்பாதிக்கிறது என்பதற்காகவே அம்மாவின் மனு தள்ளுபடி ஆகுமா? வாடகை, மருந்து, பம்பர்ஸ் (டயப்பர்) செலவையெல்லாம் கணக்கில் எடுப்பார்களா? மாமா என் பெற்றோர் இல்லையே, அவருக்கும் என் சம்பளத்தைத்தான் பார்ப்பார்களா?

ஓகேயூ அட்டைக்கான மனுப் படிவத்தில் மருத்துவர் உறுதிப்படுத்த வேண்டும், அதை ஆரம்பித்துவிட்டோம். அப்புறம், அந்த ஓகேயூ உதவி 59 வயது வரைதான். மாமாவுக்குச் சீக்கிரமே 60 ஆகிவிடும். இப்போதே ஓகேயூ உதவிக்கு மனு போடுவதா, காத்திருந்து முதியோர் உதவிக்குப் போடுவதா? எனக்கென்னவோ இப்போதே போடுவதுதான் சரி என்று படுகிறது.

ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு உதவி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அதிகாரி வீட்டுக்கு வந்து என்னென்ன கேட்டார், எந்த ஆவணங்களை எடுத்து வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அண்ணன்மார், அக்காமார், உங்கள் அனுபவம் எங்களுக்குப் பெரிய உதவி.