வேர்க்கிங் பேப்பருக்குத் தமிழ்ச் சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

திருகோணமலையிலிருந்து, வெள்ளி இரவு

குழுமத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் பொருளியல் ஆய்வு செய்யும் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி தயாரிக்கிறேன். பதினாறு பக்கம். திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். 330 என்ற பொருளியல் வகுப்பெண்ணில் தொடங்கும் இறாக்கைகளில் எது எங்கே இருக்கிறது, மத்திய வங்கி ஆண்டறிக்கையின் தமிழ்ப் பதிப்பை எப்படி எடுப்பது, வீட்டு வருமான செலவின அளவீட்டில் மாவட்ட அட்டவணையை எங்கே பார்ப்பது, ஈகோன்லிட் என்ற பொருளியல் கட்டுரைத் தரவுத்தளத்தில் எப்படித் தேடுவது, அதுபோன்ற ரீபெக்கைக் காசில்லாமல் எப்படிப் பயன்படுத்துவது, எல்லாம் எழுதியாயிற்று. பொருளியல் கட்டுரைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் ஜே.ஈ.எல். வகைப்பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். மீன்பிடி பற்றித் தேடுகிறவர் 'கியூ 22' என்ற குறியீட்டைப் பிடித்துப் போனால் அந்தத் துறைக் கட்டுரைகள் வரிசையாக வரும்.

ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். வேர்க்கிங் பேப்பர்.

போன வருடக் கையேட்டில் அதை 'வேலைத்தாள்' என்று போட்டவள் நான்தான். மூதூர்ப் பிள்ளை ஒருத்தி, வாடைக்காற்றுக் காலத்தில் சூடை, கீரி மீன் விலை ஏறுவது பற்றி ஆய்வு செய்கிறாள். கையேட்டில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே மேசைக்கு வந்தாள். "மிஸ், இந்த வேலைத்தாளை நிரப்பி யாரிட்ட குடுக்கிறது?" ஏதோ பயிற்சி என்று நினைத்து மூன்று நாளாக அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேடியிருக்கிறாள். அவளுக்கு வேண்டிய கட்டுரைகளில் பாதி அதற்குள்தான் இருந்தது.

பொருளியலில் ஒரு கட்டுரை சஞ்சிகையில் வெளிவர இரண்டு மூன்று வருடம்கூட ஆகிவிடும். அதற்கு முன்பே அது வேர்க்கிங் பேப்பராகக் கைமாறிவிடுகிறது. அமெரிக்காவின் என்.பி.ஈ.ஆர். என்ற பொருளியல் ஆய்வு நிறுவனம் 1973 முதல் இவற்றை எண் போட்டுத் தொடராக வெளியிடுகிறது. சந்தா கட்ட வசதி இல்லாத எங்கள் பிள்ளைகளின் கைக்கு வருவதும் பெரும்பாலும் இவைதான். ஆகவே நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து, வெள்ளி இரவு

தங்கச்சி, மொழிபெயர்க்க வேண்டாம். 'வேர்க்கிங் பேப்பர்' என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். வாரா வாரம் பிள்ளைகளுக்கு வேலைத்தாள் கொடுக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தேடற்பெட்டியில் கடைசியில் அவள் அடிக்கப்போவது ஆங்கிலச் சொல்லைத்தான். நாம் வைக்கும் பெயர் அவளுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் இன்னொரு கதவாக நிற்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து, சனி விடியல்

தம்பி கிண்ணியா ஆசிரியருக்கு ஒரு கேள்வி. பணவீக்கம், வரவு செலவுத் திட்டம், கேள்வி, நிரம்பல் என்றெல்லாம் நீர் படிப்பிக்கும் சொற்களை யாரோ ஒருநாள் உட்கார்ந்து யோசித்துத்தானே ஆக்கினார்கள்? அன்று அவர்கள் 'தேடுகிறவன் எப்படியும் ஆங்கிலத்தில்தான் தேடுவான்' என்று எழுந்து போயிருந்தால் இன்று உமது வகுப்பில் தமிழே இருந்திராது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தாளின் இயல்பு என்ன? இன்னும் அவையேறாதது. நம் மரபில் நூல் ஆக்கினால் மட்டும் போதாது, அது அரங்கேற வேண்டும். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்தில் பனம்பாரனார், 'நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து', நூலைக் கேட்டிருந்த அதங்கோட்டாசாற்கு 'அரில்தபத் தெரிந்து' என்கிறார். அரில் என்றால் குற்றம், பிணக்கு. தப என்றால் கெட. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதை விரிக்கும் இடம் இன்னும் நல்லது. அதங்கோட்டாசிரியர் குற்றம் காட்டிக் கேட்ட கடாவுக்கெல்லாம், அதாவது கேள்விக்கெல்லாம், தொல்காப்பியர் விடை சொன்னார் என்கிறார். சஞ்சிகைக்காரர் இன்று செய்வது இதுதான். மதிப்பீட்டாளர் குறை எழுதுவார், ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார்.

ஆகவே 'அரங்கேறாத் தாள்'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும், இலக்கணம் சுத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தாள்' என்ற சொல்லுக்குள்ளேயே வேலை இருக்கிறது. 'தாளாற்றித் தந்த பொருளெல்லாம்' என்ற குறளில் தாள் என்பது முயற்சி. தாளாண்மையும் அதுவே. முயற்சி, பொருள் இரண்டும் ஒரே அடியில் நிற்கின்றன. பொருளியல் மாணவர்க்கு இதைவிடப் பொருந்தும் சொல் வேறு எங்கே கிடைக்கும்?

சென்னையிலிருந்து, சனி காலை

ஐயாவின் பாயிர விளக்கம் அருமை. ஆனால் அந்தக் குறளின் தாளும் காகிதத் தாளும் ஒரே சொல்தானா? கால், தண்டு, வைக்கோல், காகிதம் என்ற வரிசை எனக்குப் புரிகிறது. முயற்சி எந்த வழியாக வந்தது? காலால் ஓடியாடிச் செய்வது என்றா? அதற்குச் சான்று இருந்தால் தாருங்கள்.

'பணித்தாள்' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். விரிதாள் மென்பொருள்களைத் தமிழாக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டோம். பொருளாதார மாணவர்கள் நாள் முழுக்க அதில்தான் வேலை செய்கிறார்கள். வேலைத்தாள் தந்த அதே குழப்பம் இங்கேயும் வரும். 'முன்னச்சு' (பிரீபிரிண்ட்) என்பதும் வேண்டாம், அது இயற்பியல், கணிதக்காரர்களின் பழக்கத்துக்கு ஏற்ற சொல். அங்கே ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையைத்தான் முன்கூட்டிப் பொதுவில் வைப்பார்கள்.

இடையில் ஒன்று. 'கேள்வி, நிரம்பல்' என்று படித்ததும் எனக்கு ஒரு கணம் தேர்வு ஞாபகம்தான் வந்தது. இங்கே தேவை, அளிப்பு என்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, சனி முற்பகல்

கேள் என்பதற்கு வேண்டுதல் என்ற பொருளும் உண்டு. சந்தையில் ஒரு சாமானை இந்த விலைக்கு இவ்வளவு தா என்று கேட்பதுதான் கேள்வி. தேவை எவருக்கும் இருக்கலாம். காசோடு வந்து கேட்டால்தான் அது கேள்வியாகும். பொருளியலார் இந்த இரண்டையும் முதல் பாடத்திலேயே பிரிக்கிறார்கள். எங்கள் சொல் அந்த வேறுபாட்டைத் தானாகவே காப்பாற்றுகிறது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தாள் பற்றிய சான்றைத் தனியாக எழுதுகிறேன்.

தம்பலகாமத்திலிருந்து, சனி மதியம்

எனக்கு இலக்கணம் அவ்வளவு தெரியாது. கமக்கார வீட்டுப் பிள்ளை, இப்போது முதுமாணி ஆய்வு செய்கிறேன். எங்கள் வளவில் மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. செங்காய். பறித்து உப்பும் தூளும் போட்டுச் சாப்பிடலாம், ருசியாகவே இருக்கும். ஆனால் பழம் என்று சொல்லி விற்க முடியாது. இந்தக் கட்டுரைகளும் எனக்கு அப்படித்தான். பயன்படுத்தலாம், மேற்கோள் காட்டலாம், ஆனால் இது இன்னும் பழுக்கவில்லை என்ற நினைப்போடு செய்ய வேண்டும். 'செங்காய்க் கட்டுரை' என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் ஒரே தடவையில் விளங்கும்.

தாள் பற்றிக் கதைத்தபடியால் சொல்கிறேன், அறுவடை முடிந்து வயலில் நிற்கும் அடிக்கட்டை அரிதாள். யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு உதவுமோ தெரியாது.

பேராதனையிலிருந்து, சனி இரவு

பொருளியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இரண்டு திருத்தம்.

முதலாவது, செங்காய் அழகான சொல், ஆனால் எல்லாச் செங்காயும் பழுக்க வேண்டும் என்பதில்லை. பல வேர்க்கிங் பேப்பர்கள் சஞ்சிகைக்குப் போகாமலே நின்றுவிடுகின்றன, அதே நிலையில் பல ஆண்டுகள் மேற்கோளும் காட்டப்படுகின்றன. 'முன்' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பின்னால் ஒன்று வரும் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது, 'அரங்கேறா' என்றால் அரங்கேறியது குற்றமற்றது என்று மாணவன் நம்பிவிடுவான். பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் கடனும் வளர்ச்சியும் பற்றி எழுதியது 2010 ஜனவரியில் என்.பி.ஈ.ஆர். தாளாக வந்தது. அதே ஆண்டு மே மாதம் புகழ்பெற்ற சஞ்சிகையின் மாநாட்டு இதழில் ஏறியது. கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்றார்கள். 2013இல் மாசச்சூசெட்ஸ் அம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களுடைய விரிதாளையே வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுத்த வரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தரவுகள் சேராததையும் நாடுகளுக்கு நிறை கொடுத்த முறையையும் திருத்தியபோது அந்த எண் 2.2 ஆனது. தன் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அவர் அதை முதலில் வெளியிட்டதும் ஒரு வேர்க்கிங் பேப்பராகத்தான். அரங்கேறிய கட்டுரையின் அரிலை அரங்கேறாத தாள் தபுத்தது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நிறுத்திய நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பிக்கிறோம். எந்த எண் எந்தப் பதிப்பில் உள்ளது என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சும்மா விஷயம் இல்லை.

சர்வதேச நாணய நிதியம் தன் தாள்களில், இது நடந்துகொண்டிருக்கும் ஆய்வு, கருத்துப் பெறவே வெளியிடுகிறோம் என்ற கருத்தில் ஒரு குறிப்புப் போடுகிறது. 'வேர்க்கிங்' என்பதன் பொருள் அதுதான்: நடந்துகொண்டிருப்பது. ஆகவே 'நடப்பாய்வுத் தாள்'.

மட்டக்களப்பிலிருந்து, ஞாயிறு காலை

நடப்பாய்வுத் தாளுக்கு என் வாக்கு. செங்காயைப் பேச்சில் வைத்துக்கொள்வோம்.

சென்னையிலிருந்து, ஞாயிறு காலை

ஒரு தயக்கம். இங்கே நடப்பு நிகழ்வுகள், நடப்புக் கணக்கு என்று பழகியவர்கள் 'நடப்பாய்வு' என்றதும் இன்றைய செய்திகளை ஆராய்வது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பேராதனையிலிருந்து, ஞாயிறு காலை

நீங்கள் சொல்லும் கணக்கு எங்களுக்கு நடைமுறைக் கணக்கு. ஆகவே இங்கே அந்த மோதல் குறைவு. ஆனால் தமிழ்நாட்டுக்கு உங்கள் தயக்கம் நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிண்ணியாவிலிருந்து, ஞாயிறு மதியம்

நான் சொன்னதை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஐயா கேட்ட கேள்வி இரவு முழுக்க மனதில் நின்றது. பணவீக்கம் என்ற சொல் இருப்பதால்தான் என் பிள்ளைகள் வீங்கிய காலைக் காட்டி அதை விளங்கிக்கொள்கிறார்கள். சரி, தமிழ்ச் சொல் இருக்கட்டும். ஆனால் முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்திலேயே 'வேர்க்கிங் பேப்பர்' என்றும் போடுங்கள். அதோடு சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு விடாதீர்கள். அதைக் கையில் எடுத்தால் என்ன பார்க்க வேண்டும் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

திருகோணமலையிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன். நடப்பாய்வுத் தாளுக்கு ஐந்து பேர், அரங்கேறாத் தாளுக்கு இரண்டு, செங்காய்க்கு ஒருவர், அப்படியே விடு என்றவர்கள் இரண்டு பேர். இன்னும் ஒரு வாரம் இருந்தால் இதைவிட நல்ல சொல் வந்திருக்கலாம். நேரம் இல்லை. ஒன்பதாம் பக்கம் இப்படிப் போகிறது:

'நடப்பாய்வுத் தாள் (வேர்க்கிங் பேப்பர்): ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே கருத்துப் பெறுவதற்காக வெளியிடப்படும் கட்டுரை. பெரும்பாலும் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்படாதது. எடுத்தவுடன் தொடர் எண்ணையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ரீபெக்கின் ஐடியாஸ் தளத்தில் அதே கட்டுரையின் வேறு பதிப்புகள் காட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். சஞ்சிகைப் பதிப்பு இருந்தால் இரண்டிலும் உள்ள அட்டவணைகளை ஒப்பிட்டு, நீங்கள் உண்மையில் வாசித்த பதிப்பையே மேற்கோள் காட்டுங்கள்.'

இந்த வரிகளை மூதூர்ப் பிள்ளைக்கு அனுப்பி வாசிக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய கொப்பி. பென்சிலால் மூன்று நிரல் கீறி, கட்டுரைப் பெயர், தாள் எண், திகதி என்று எழுதியிருந்தாள். நான்காவது வரியில் திகதிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தத் தாளுக்கு 2016, 2018 என்று இரண்டு பதிப்பு இருக்கிறதாம், எதை எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஞாயிறு இரவு

மகள், அச்சுக்குக் கொடுங்கள். பிள்ளைக்கு விளங்கியது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நடப்பு என்பது காலத்தைத்தான் சொல்கிறது, அவையேறியதா என்பதைச் சொல்லவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி பேசுவோம். தாளும் முயற்சியும் பற்றிச் சென்னைத் தம்பி கேட்ட சான்றை நாளை எழுதுகிறேன். தம்பலகாமத்துப் பிள்ளை சொன்ன அரிதாள் அதற்கு உதவும்.