‘சோனையா துணை’ குழுவில் ஒரு காலை

பாண்டியம்மா: கலா மதினி, அண்ணன் வீட்டில் இருக்கிறாரா

பாண்டியம்மா: தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருக்காரர் ஒருவர் தெப்பக்குளம் பக்கம் பார்த்தாராம். காலை எட்டு மணிக்கே நிதானம் இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தாராம்

குமார்: அம்மா, இது குரூப்பு

பாண்டியம்மா: தெரியும்டா

செந்தில்: என்னது???

செந்தில்: அம்மா போன் எடுக்கவில்லை. நான் ஓசூரில் உட்கார்ந்து என்ன செய்வேன், யாராவது போய்ப் பாருங்கள்

ரவி: நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணன் குடிக்கவில்லை. சுகர் இறங்கிவிட்டது. இப்போது இட்லி சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். விவரமாக எழுதுகிறேன், பொறுங்கள்.

குமார்: போச்சு

ரவி: முட்டு வலிக்காக டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் யாரிடமும் கேட்காமல், ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, மறுநாள் பதினொரு மணி வரை சீனி இல்லாத வரக்காப்பி மட்டும் என்று ஆரம்பித்திருக்கிறார். ஆனால் சுகர் மாத்திரையைப் பழைய மாதிரியே காலையில் போட்டுவிட்டு நடக்கக் கிளம்பியிருக்கிறார். அவர் போடுவது கிளிமிபிரைடு. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிறு காலி, மேலே நடை வேறு. சுகர் 70க்குக் கீழே போனாலே ஆபத்துதான். வேர்க்கும், கை நடுங்கும், நாக்கு குழறும், கேட்டதற்கு ஏதோ ஒரு பதில் வரும். பார்க்கிறவர்களுக்குக் குடித்த ஆள் மாதிரிதான் தெரியும்.

பாண்டியம்மா: அதைத்தான் நானும் சொன்னேன், நிதானம் இல்லை என்று

கலா: நீ சொன்னது வேற பாண்டியம்மா

கலா: ஒரு சித்திரைத் திருவிழாவில் குடித்ததை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்வீர்கள் எல்லோரும்

செந்தில்: அம்மா!! அப்பா எப்படி இருக்கிறார்

கலா: தூங்குகிறார். குறட்டை கேட்கிறது

ரவி: அங்கே டீக்கடைக்காரர்தான் புண்ணியம் கட்டிக்கொண்டார். நடக்க வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். அவருடைய அப்பாவுக்கும் சுகராம். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததைப் பார்த்ததுமே டீ கிளாஸில் மூணு ஸ்பூன் சீனியைக் கரைத்து நீட்டியிருக்கிறார். அண்ணன் “நான் டயட்டில் இருக்கேன்” என்று கிளாஸைத் தள்ளிவிட்டாராம். அப்புறம் இரண்டு பேர் பிடித்துக் குடிக்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கிளினிக்கில் குத்திப் பார்த்தபோதே 62தான். (நினைவு இருந்ததால் குடிக்கக் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

திவ்யா: டயட்டில் இருக்கேன் 😭😭

பாண்டியம்மா: ரவி மருந்துக்கடையை மூடினான், வாயை மூடவில்லை

செந்தில்: இந்த டயட்டை யார் சொல்லிக் கொடுத்தது

கலா: குமாரைக் கேள்

குமார்: நான் ஒரு வீடியோதான் அனுப்பினேன் அத்தை. அதுவும் குரூப்பில் எல்லோருக்கும்தான். வெளிநாட்டில் டயட்டிலேயே சுகரை விரட்டிவிட்டார்களே, பொய்யா ரவி மாமா

ரவி: பொய் இல்லை. பிரிட்டனில் செய்த ஆராய்ச்சி, 2017இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி, சில மாதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது. ஆனால் டயட் ஆரம்பித்த அன்றே அவர்களுக்குச் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதுவும் கண்காணிப்போடு. உன் வீடியோவில் அதைச் சொன்னானா?

குமார்: நான் முழுசாகப் பார்க்கவில்லை மாமா

கலா: நல்லா இருக்கு

பாண்டியம்மா: திவ்யாவும் இதேதானே செய்கிறாள், ராத்திரி வெறும் வெள்ளரிக்காய். முகம் ஒட்டிப்போய், முடி எவ்வளவு கொட்டிவிட்டது பாவம்

திவ்யா: அது ஷாம்பு அத்தை

ரவி: ஷாம்பு இல்லை. பட்டினி கிடந்தால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதனால்தான் ஷாம்பு மேல் பழி போகிறது. வேகமாக எடை குறைத்தால் பித்தப்பையில் கல்லும்

திவ்யா: அப்பா குரூப்பில் வேண்டாமே

திவ்யா: வளைகாப்பில் இதே அத்தைதான் “பெண் பார்க்க வருகிற நேரத்தில் இப்படி ஊதிப்போய் இருக்கிறாளே” என்று பந்தியில் வைத்துச் சொன்னார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்

பாண்டியம்மா: நல்லதுக்குத்தான் சொன்னேன்

கலா: அன்றைக்கு இவரையும் சொன்னாய். அண்ணனுக்கு எத்தனை மாசம் என்று கேட்டாய்

பாண்டியம்மா: 🙏

செந்தில்: சரி விடுங்கள். டாக்டரிடம் யார் கூட்டிப் போகிறீர்கள்

பாண்டியம்மா: ஞாயிற்றுக்கிழமை பாண்டி கோயிலில் கிடாவெட்டு. அண்ணன் இல்லாமல் எப்படி. கிடா ஒன்று போதுமா, இரண்டா? கறிக்கடைக்காரர் இன்றைக்குள் சொல்லச் சொன்னார்

குமார்: இரண்டு

திவ்யா: ஒன்றே மிச்சமாகும்

குமார்: நீ வெள்ளரிக்காய் கொண்டு வா

திவ்யா: 😡

கலா: ரவி, நாளைக் காலையில் மாத்திரையைக் கொடுக்கவா, நிறுத்தவா

ரவி: நாமாக முடிவு செய்யக் கூடாது மதினி. இப்பவே டாக்டருக்குப் போன் போடுகிறேன். இன்றைக்குப் பட்டினி கூடாது, சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. இந்த மாத்திரை நீண்ட நேரம் வேலை செய்யும், மறுபடி இறங்கலாம். அதனால் ராத்திரி ஒரு தடவை, விடியக்காலம் ஒரு தடவை குத்திப் பாருங்கள். எடை குறைப்பதை நான் தப்பு சொல்லவில்லை. அண்ணன் 90 கிலோ, நாலரைக் கிலோ குறைந்தாலே முட்டுக்கும் சுகருக்கும் நல்லது. மெதுவாகக் குறைக்கட்டும்.

கலா: ஸ்ட்ரிப் தீர்ந்து ஒரு மாசம் ஆச்சு

குமார்: நான் வாங்கி வருகிறேன் அத்தை. மிஷின் என்ன கம்பெனி

கலா: நீலக் கலர் டப்பா

ராஜாங்கம்: எல்லாம் படித்தேன்

ராஜாங்கம்: எட்டு மணிக்கு அங்கே வந்த தெருக்காரர் யார் பாண்டியம்மா

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

செந்தில்: அப்பா, நாளைக்கே டாக்டரிடம் போங்கள்

ராஜாங்கம்: ஞாயிறு முடியட்டும். கிடா இரண்டு சொல்லிவிடு

ரவி: நாளைக்கே போகிறோம் அண்ணே.

கலா: கிடாவைப் பற்றி இவர் பேசக் கூடாது

குமார்: கடையில் நிற்கிறேன். நீலத்தில் ரெண்டு கம்பெனி இருக்கிறதாம். மிஷினைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் அத்தை