மறு: சீன எழுத்தின் 'ஒலிக்குறி'க்கு வேறு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பகுதி ஒலியையும் மறு பகுதி பொருளையும் காட்டும் சீன எழுத்துவகையை 'ஒலிபொருள் கூட்டெழுத்து' என்றும், அதில் ஒலிதரும் உறுப்பை 'ஒலிக்குறி' என்றும் சொல்லலாம் என்று இந்த இழையில் வந்தது. 'ஒலிபொருள் கூட்டெழுத்து' வேண்டாமே. கூட்டெழுத்து என்றதும் பழைய அச்சில் ஒட்டிக்கொண்டு நின்ற எழுத்துகள்தான் நினைவுக்கு வரும். 'ஒலிப்பொருள்' என்று 'ப்' போட்டால் ஒலியின் பொருள் ஆகிவிடும். ஒலியும் பொருளும் என்னும்போது உம்மைத்தொகை, வல்லினம் மிகாது. 'ஒலிபொருள் எழுத்து' போதும்.

எனக்கு உறுத்துவது அதன் ஒலிதரும் உறுப்பை 'ஒலிக்குறி' என்பது. குறி என்றால் குறித்தபடி ஒலிக்க வேண்டாமா? அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் ஒலி 'மா', தொனிதான் (குரலின் ஏற்ற இறக்கம்) வேறு. (தமிழிலும் 'மா' குதிரைதான். வெறும் தற்செயல்!) இதுவரை சரி. 'ச்சிங்' என்ற உறுப்பைப் பாருங்கள். நீரோடு சேர்ந்தால் தெளிவு, சூரியனோடு சேர்ந்தால் மேகமற்ற வானம், பேச்சோடு சேர்ந்தால் வேண்டுதல். தொனி மாறினாலும் எல்லாம் 'ச்சிங்'. அதுவே நாயோடு சேர்ந்தால் ஊகித்தல், ஒலியோ 'த்ஸாய்'!

கி.பி. 100 வாக்கில் சீன அறிஞர் ஷூ ஷென் தம் அகராதியில் இவ்வகைக்குக் காட்டிய இரண்டு சான்றுகளில் ஒன்று, ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்'. அதில் நீரும் 'குங்' என்ற உறுப்பும் உண்டு. தென்சீன மொழியான காண்டனீசில் இன்றும் ஆறு 'கோங்', உறுப்பு 'குங்', கிட்டத்தட்ட ஒன்றுதான். பொதுச்சீனமான மாண்டரினில்தான் ஒலி நகர்ந்துவிட்டது, எழுத்து அங்கேயே நிற்கிறது.

அதனால் 'ஒலிச்சாடை' என்கிறேன். பிள்ளைக்கு அப்பா சாடை என்றால் அச்சு அசல் என்று பொருளில்லை. சாடையாகச் சொல்வது என்றால் கோடிகாட்டுவது. இரண்டும் இங்கே பொருந்துகின்றன. மற்ற உறுப்பு 'பொருட்சாடை'.

அப்புறம், சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து அறிஞர் வாங் ஷெங்மெய் ஒலிதரும் வலப்பக்கமே பொருளும் தரும் என்றார். 'ஜியான்' என்ற வலப்பக்க உறுப்புக்குச் சிறியது என்று பொருள். அது சேரும் எழுத்துகளில், நீரில் சிறியது ஆழமின்மை, உலோகத்தில் சிறியது காசு, சோழியில் சிறியது மலிவு. அழகான வாதம், ஆனால் எல்லா எழுத்துக்கும் செல்லாது. அம்மாவுக்கும் குதிரைக்கும் என்ன உறவு? இருந்தாலும் 'ஒலிக்குறி' என்று பூட்டிவிட்டால் அந்தக் காசுக்கும் மலிவுக்கும் இடமில்லை. சாடை என்றால் கொஞ்சம் இடம் விடும்.

'சாடை' பேச்சுவழக்கு, ஆய்வேட்டில் நிற்காது என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். தொனியை 'எடுத்தல், படுத்தல்' என்று சொல்லலாமா என்பதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.